என் ஆட்களை நீ ஏற்றிப்போன காலை

மகனே,

"அன்புள்ள" என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி இப்படித் தொடங்குகிறேன். அன்பு வற்றிப்போய்விடவில்லை. இன்றைக்கு அதை முதல் வார்த்தையாக எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். "அப்பா கல்யாணத்துக்கு வருவாகளா?" என்று உன் அம்மாவிடம் போனில் கேட்டாயாம். அவள் ரசம் தாளித்துக்கொண்டே, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், அதை என்னிடம் கேட்டாள். வருவேன். ஒரே மகன் கல்யாணத்துக்கு வராமல் நான் எங்கே போய் உட்காரப்போகிறேன்? வேட்டி கட்டிக்கொண்டு உத்தமபாளையம் மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்பேன். ஆனால் அதற்கு முன்னால் உனக்கும் எனக்கும் நடுவில் ஒன்று கிடக்கிறது. அதைக் காலால் தள்ளிவிட்டு வந்து உன் நெற்றியில் திருநீறு பூச என்னால் ஆகாது. நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய். சினிமா வசனம் மாதிரி இருக்கிறது என்று நீ சிரிக்கலாம். இதைவிடச் சின்ன வார்த்தை ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீ பேட்டரி வண்டி விற்கிறாய் என்பதுதான் என் கோபம் என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். "எங்கப்பா டீசல் காலத்து ஆளு, புதுசு எதுவும் ஆகாது" என்றாயாம். ஏலே, இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் புதியது வந்து யாருக்கு ஆகாமல் போயிருக்கிறது? திராட்சைக்குப் புது மருந்து வந்தால் பக்கத்துத் தோட்டக்காரன் அடிப்பதற்கு முன்னால் தான் அடித்துப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிற ஊர் இது. ஜீப் ஸ்டாண்டில் முதன்முதலில் செல்போன் வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான். சிக்னல் கிடைக்காத மலைப்பாதையில்கூட அதைக் காதில் வைத்துக்கொண்டு போனேன் என்று என் கூட ஜீப் ஓட்டுகிற காதர் இன்றைக்கும் கேலி செய்வான். அதாவது, போன மாதம் வரைக்கும் செய்தான். இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை. அதற்கும் நீதான் காரணம், அதற்கு வருகிறேன்.

நம் தொழிலை உனக்கே எடுத்துச் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் நீ மறந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டதால் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் காமயகவுண்டன்பட்டி நிறுத்தத்தில் தூக்குச்சட்டியோடு நிற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பத்தைத் தாண்டி, மலைப்பாதை ஏறி, கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைக் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் இறக்குவேன். அவர்கள் பகலெல்லாம் காய் எடுப்பார்கள். சாயங்காலம் அவர்களையே கூட்டிக்கொண்டு இறங்குவேன். உன்னை என்ஜினியர் ஆக்கியது அந்த ஜீப்பும் அந்தப் பெண்களும்தான். ஒரு ஜீப்பில் ஏறிப் பழகியவர்களை அந்த ஜீப்பின் ஆள் என்று சொல்வோம். ஒருவர் ஆளை இன்னொருவர் ஏற்றுவதில்லை. நீ காலேஜ் படிக்கும்போது ஒருமுறை, "மனுசங்கள என்னப்பா ஆடு மாடு மாதிரி ஓம் ஆளு எம் ஆளுன்னு பிரிச்சு வச்சிருக்கீக?" என்று கேட்டாய். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டு அவர்கள் கழுத்தில் இல்லை, எங்கள் கழுத்தில்தான் இருக்கிறது. என் ஜீப் படுத்துவிட்டால் வேறு வண்டி பிடித்துத் தருவது என் பாடு. தோட்டத்தில் வேலை இழுத்துக்கொண்டு போய் இருட்டிவிட்டாலும் அவர்களை விட்டுவிட்டு நான் இறங்கக்கூடாது. மேலே யாருக்காவது பாம்பு கடித்தாலும் பிள்ளை வலி வந்தாலும் போட்டது போட்டபடி கிடக்க ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டும். அவர்கள் நாளைக்கே வேறு வண்டியில் போகிறோம் என்றால் போகலாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு பள்ளி விடுமுறையில் என்னோடு முன்சீட்டில் உட்கார்ந்து மலைக்கு வந்தாய். கம்பத்துக்கு வெளியே காதரின் ஆட்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். காதர் ஜீப்பில் கிளட்ச் போய்விட்டது. என் வண்டியில் இடம் இருந்தது. நான் நிறுத்தாமல் தாண்டிப் போனதும் நீ அழுதுவிட்டாய். "நனையிறாகப்பா, ஏத்துங்கப்பா" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். நான் நேரே காதர் வீட்டுக்குப் போய், அவன் வாசலில் நின்று, "மச்சான், ஓம் ஆளு நனையிது, ஏத்திக்கிறவா?" என்று கேட்டேன். அவன் வெறும் கைலியோடு என் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து, அந்தப் பெண்களிடம், "ஆத்தா, இன்னைக்கு இவுக வண்டியில போங்க, எனக்குப் பதிலா இவுக பாத்துக்குவாக" என்று சொன்னான். அதற்குப் பிறகுதான் அவர்கள் ஏறினார்கள். இதுதான் ஆள் ஒப்படைக்கிறது. ஒரு நாளைக்கு ஒப்படைத்தாலும் சரி, தொழிலையே விட்டுவிட்டு நிரந்தரமாக ஒப்படைத்தாலும் சரி, வண்டிக்காரன் நேரில் வந்து அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மேலே போகிற வழியெல்லாம் நீ என்னைக் கேள்வி கேட்டாய், நானும் வளைவுக்கு வளைவு பதில் சொல்லிக்கொண்டே போனேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் நீ சொல்லாதே.

சரி, நீ வரப்போகிறது என்று சொன்ன அந்த ஹைட்ரஜன் வண்டிக்கு வருகிறேன். நீ சென்னையில் அந்த எஞ்சின் கம்பெனியில் சேர்ந்த புதிதில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்திருந்தாய். கூட்டத்தில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தோம். டீசல் வண்டிக்கெல்லாம் சீக்கிரம் முடிவு வரப்போகிறது என்று ஊரில் பேச்சு. எனக்குப் பயமாக இருந்தது. அதை வெளியே காட்டாமல் உன்னிடம் கேட்டேன். நீ பானட்டைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "பேட்டரிய நம்பாதீகப்பா. அது மலை ஏறுறதுக்குள்ள மூச்சு விட்ரும். ஹைட்ரஜன் வருது. இதே எஞ்சின்தான், இதே பிஸ்டன், இதே கியரு. டீசலுக்குப் பதிலா கேஸ எரிக்கிறோம், பின்னாடி வர்றது புகையில்ல, தண்ணி. நீங்க கத்துக்கிட்டது எதுவும் வீணாப் போகாது." கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரிதான் என்னைக் கவிழ்த்தது. எஞ்சின் சத்தத்தை வைத்தே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவன் நான். அந்தக் காது செல்லாக்காசாகிவிடாது என்று என் மகனே, அதுவும் படித்தவன், சொல்கிறான். அன்றைக்கு நான் குடித்த கரும்புச்சாறு மாதிரி ஒன்றை அதற்குப் பிறகு குடித்ததில்லை.

மறுநாளே ஸ்டாண்டில் போய் ஒலிபெருக்கி வைக்காத குறையாகச் சொன்னேன். தண்ணீர் ஊற்றி ஓடுகிற வண்டி வரப்போகிறது என்று நான் சொல்கிறேன் என நினைத்துக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள். "ஊத்துறது தண்ணியில்லடா, வெளிய வர்றதுதான் தண்ணி" என்று நான் விளக்கம் சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தார்கள். ஸ்டாண்டு டீக்கடைக்காரன் என்னைப் பார்த்தாலே, "என்னண்ணே, தண்ணி வண்டி எப்ப வருது?" என்பான். கேலியை நான் பொருட்படுத்தவில்லை. மகன் பேச்சைத் தூக்கிக்கொண்டு திரிகிற அப்பனுக்கு வெட்கம் ஏது? அந்தச் சமயத்தில்தான் காதர் பேட்டரி வேன் ஒன்று எடுக்கலாம் என்று கிளம்பினான். தேனியில் போய் ஓட்டியும் பார்த்துவிட்டு வந்தான். நான் அவனை உட்காரவைத்து, "மச்சான், அவசரப்படாத. எம் மகன் அந்தத் தொழில்லயே இருக்கான். அவன் பொறுக்கச் சொல்லியிருக்கான்" என்றேன். அவன், "ஓம் மகன் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, பழைய ஜீப்புக்கே எஞ்சின் வேலை பார்த்தான். அவன் மட்டும் இல்லை, ஸ்டாண்டில் பாதிப் பேர் என் வார்த்தைக்காகப் பொறுத்தார்கள். என் வார்த்தை என்று நான் சொல்வது உன் வார்த்தையைத்தான்.

அந்த எஞ்சின் தோற்றுப்போனதற்காக நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். செய்து பார்க்கிறவனுக்குத்தான் தோல்வி வரும். கேஸை அடைக்கிற தொட்டி ஆட்கள் உட்காருகிற இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது, அடைக்க ஒரு பங்க் கூட இந்தப் பக்கம் இல்லை, உங்கள் கம்பெனி அந்த வேலையையே மூட்டை கட்டிவிட்டது. இதெல்லாம் நடந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அந்த ஒரு வருசமும் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில், "எஞ்சின் எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டேன். நீயும் தவறாமல், "நல்லாப் போகுதுப்பா" என்றாய். நீ பேட்டரி வேன் செய்கிற கம்பெனிக்கு மாறி, அங்கே பெரிய பொறுப்புக்கும் வந்துவிட்டிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு தொழிற்சாலையையே மறைத்துவிட்டாய். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தீக. மொகம் வாடிப்போயிரும்னு பயமா இருந்துச்சு" என்றாள். என் முகம் வாடிவிடக்கூடாது என்பதற்காக இரண்டு பேருமாகச் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறீர்கள்.

அந்தக் காலையை இனிச் சொல்கிறேன். உன் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வழக்கமான நேரத்துக்கு நிறுத்தத்துக்குப் போனேன். ஒரு ஆளும் இல்லை. ஊரில் ஏதும் சாவு, கேதமோ என்று நினைத்துக்கொண்டு ஜீப்பை நிறுத்தி இறங்கினேன். நிறுத்தத்து டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "என்னண்ணே நீங்க வர்றீக? இப்பத்தான ஒங்க மகன் புது வண்டியில எல்லாத்தையும் ஏத்திட்டுப் போனாரு. நீங்க அனுப்பலையா?" என்று கேட்டார். நீ சென்னையில் இருப்பதாக அல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? இரண்டு நாளாகத் தேனியில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கிறாய். பெற்ற வீடு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்க, லாட்ஜில். அதைத் தாங்கிக்கொள்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. டீக்கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜீப்பில் ஏறி, ஆள் இல்லாத வண்டியை மலைக்கு விரட்டினேன். வெறும் வண்டி மேடு ஏறும்போது எல்லாத் தகரமும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். இத்தனை வருசத்தில் காலை நேரத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

பாதி மலையில் உன் வேனைப் பிடித்துவிட்டேன். ஒரு வளைவுக்குக் கீழே நான், மேலே நீ. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அழகாக ஏறியது. நான் முதல் கியருக்கு இறக்கி, எஞ்சினைக் கெஞ்சி ஏற்றுகிற செங்குத்தில், அத்தனை பேரையும் சுமந்துகொண்டு, முனகாமல் ஏறிப் போனது. என் ஜீப் கக்கிய புகையில் எனக்கே இருமல் வந்தது. செக்போஸ்ட்டில் நீ நிறுத்தியிருந்தாய். தோட்டத்து மேனேஜர் சார் கைகட்டி நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுச் சுமையோடு ஏற்றிக்காட்டினால்தான் தோட்டத்துக்கு வாங்குவோம் என்று அவர் சொன்னதாகவும், அதற்கு ஆட்கள் வேண்டியிருந்ததாகவும் பின்னால் தெரிந்துகொண்டேன். ஊரில் எத்தனையோ ஆட்கள் இருக்க, நீ ஏன் காமயகவுண்டன்பட்டிக்குப் போனாய்? வேறு எந்த நிறுத்தத்திலும் உன்னை நம்பி ஒருத்தியும் ஏறமாட்டாள். அங்கே மட்டும்தான் "நம்ம டிரைவர் மகன்" என்று ஏறுவார்கள். "அப்பா அனுப்புனாகளா தம்பி?" என்று பேச்சியம்மாள் கேட்டாளாம். நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, "ஏறுங்கக்கா, நேரமாச்சு" என்றாயாம்.

பேச்சியம்மாளை உனக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறவள், அவளுக்காகவே நான் ஜீப்பில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பேன். அவள் இறங்கி நேரே என்னிடம் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "அண்ணே, இன்னைக்கு ஒரு தடவகூட எடுக்கல. டீசல் நாத்தமே இல்ல. எங்களுக்காக மகன்கிட்டச் சொல்லி வண்டிய அனுப்பி வச்சீகளே, நீங்க நல்லா இருப்பீக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் தோளுக்கு மேலாக உன்னைப் பார்த்தேன். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தத் திரையில் அப்போது ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும், அங்கே சிக்னல் கிடைக்காது. அனுப்பவில்லை என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர்கள் சாயங்காலம் உன் வேனில் ஏறியிருக்கமாட்டார்கள். மேனேஜர் முன்னால் உன் பேச்சு செல்லாமல் போயிருக்கும். "ஆமாத்தா, நான்தான் அனுப்புனேன்" என்றேன். சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அந்த ஒரு பொய் கம்பத்துக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்டாண்டில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காதர் மட்டும் எழுந்து வந்தான். "எங்கள எல்லாம் பொறுங்கடா பொறுங்கடான்னு சொல்லிட்டு, உள்ளுக்குள்ள ஓம் மகனுக்கு வழி பண்ணிக்கிட்டு இருந்திருக்க மச்சான். நான் ஒன்னய நம்புனேன்" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அன்றையிலிருந்து நான் டீ குடிக்கப் போனால் அவன் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறான். தோட்டம் உன் வேன்களை வாங்கிவிட்டது. என் ஆட்கள் அதில் போகிறார்கள். மற்ற ஜீப்புகளின் ஆட்களும் ஒவ்வொருவராகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். நான் இப்போது அந்த ஜீப்பில் திராட்சைத் தோட்டங்களுக்கு எரு ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிறேன். ஊருக்கு நான் கூட இருந்தே குழி பறித்தவன். எனக்குக் குழி பறித்தது யார் என்பது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நீ ஒரே ஒரு முறை எனக்குப் போன் செய்தாய். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். நீ எனக்குப் பாடம் எடுத்தாய். ஆண்டிபட்டிப் பக்கம் சுற்றுகிற காற்றாலையில் பிறக்கிற கரண்டை வைத்துத் தண்ணீரைப் பிரித்து, கேஸை எடுத்து, அமுக்கி அடைத்து, லாரியில் கொண்டுவந்து, கடைசியில் எஞ்சினில் எரித்தால், சக்கரத்துக்கு வந்து சேருவதற்குள் பாதிக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோகிறது, அதே கரண்டை நேரே பேட்டரியில் ஏற்றினால் பெரும்பாலும் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது என்றாய். பொறுமையாகக் கேட்டேன். நன்றாகத்தான் சொன்னாய். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற வேலை என்று எனக்கும் புரிந்தது. நானே யோசித்தும் பார்த்தேன். நம் வண்டி காலையில் ஏறுகிறது, பகல் முழுக்கத் தோட்டத்தில் சும்மா நிற்கிறது, சாயங்காலம் இறங்குகிறது. நிற்கும்போது சார்ஜ் போடலாம். இறங்கும்போது சக்கரமே மோட்டாரைச் சுழற்றிப் பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பிக் கொடுக்கிறது, பிரேக்கும் தீய்ந்த வாடை அடிக்காது. நம் மலைக்குப் பேட்டரிதான். நாள் கணக்கில் நிற்காமல் ஓடுகிற பெரிய லாரிக்கும் கப்பலுக்கும் ஒருவேளை உன் ஹைட்ரஜன் ஒரு நாள் கைகொடுக்கலாம், அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இத்தனையையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது அதுவா? "ஏன் சொல்லவில்லை" என்று கேட்டவனுக்குக் கரண்டுக் கணக்குச் சொல்லிவிட்டு, "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாய். போன வாரம் அம்மா மூலமாக வேறு செய்தி அனுப்புகிறாய், அந்த வேன்களை ஓட்டுகிறவர்களுக்கு நான் மேஸ்திரியாக வரலாமாம். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, கட்டுப்போடத் துணியும் கொடுக்கிறாயா?

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மனம் மாறுவது பாவம் இல்லை. நானும் எத்தனையோ தடவை மாறியிருக்கிறேன், வண்டி மாற்றியிருக்கிறேன், கட்சிகூட மாற்றியிருக்கிறேன். மாறினால் உன் பழைய சொல்லை நம்பி நிற்கிறவனிடம் முதலில் போய்ச் சொல். அவன் திட்டுவான், நாலு நாள் பேசமாட்டான், போகட்டும். நாளைக்கு உன் பெண்டாட்டி உன் சொல்லை நம்பி ஏதாவது ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். அது இனி நடக்காது என்று உனக்குத் தெரிந்த பிறகும் அவள் முகம் வாடுமே என்று "நல்லாப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருக்காதே. இரக்கம் என்று உனக்குத் தோன்றும். அவளுக்குத் தெரியவரும்போது அது இரக்கமாகத் தெரியாது. உன் அம்மாவின் மேல் எனக்கு இருந்த கோபம் அவள் அழுததும் பாதி போய்விட்டது. உன் மேல் இருப்பது போகவில்லை, ஏனென்றால் நீ இன்னும் என் எதிரில் வந்து நிற்கவே இல்லை.

உனக்கு ஒன்று தெரியுமா? நீ கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். அந்தக் காலைக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, "அப்பா, ஹைட்ரஜன் போச்சு, நான் சொன்னது தப்பு. இப்ப இதத்தான் செய்றேன். நாளைக்கு ஒங்க ஆளு வேணும்" என்று சொல்லியிருந்தால், கத்தியிருப்பேன், தட்டைத் தள்ளியிருப்பேன், கொஞ்ச நேரம் தெருவில் நடந்துவிட்டு வந்திருப்பேன். விடிவதற்கு முன்னால் உன்னோடு வேனில் ஏறி நிறுத்தத்துக்கு வந்து, "ஆத்தா, இனிமே எம் மகன் வண்டியில போங்க, எனக்குப் பதிலா இவன் பாத்துக்குவான்" என்று நானே சொல்லியிருப்பேன். காதருக்கும் நானே போய்ச் சொல்லி, முதல் வேனை அவன் கையில் கொடுக்க வைத்திருப்பேன். ஒரு ஜீப்காரன் தன் ஆளைத் தன் மகன் கையிலேயே ஒப்படைக்கிற நாள் எவனுக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்திருக்க வேண்டியதை என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டுவிட்டாய்.

பேச்சியம்மாளையும் மற்றவர்களையும் வெற்றிலை பாக்கு வைத்து உன் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறேன். காதருக்கும் பத்திரிகை வைத்தேன். அவன் கைநீட்டி வாங்கவில்லை, அவன் மனைவி வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் வா. லாட்ஜுக்குப் போகாமல் வீட்டுக்கு வா. முதலில் காதர் மாமா வாசலுக்குப் போய், உன் அப்பன் அவனை ஏமாற்றவில்லை என்று சொல். மறுநாள் விடியலில் நிறுத்தத்துக்குப் போய், அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்து, "அன்னைக்கு எங்கப்பா என்னை அனுப்பல. அவுகளுக்குத் தெரியாம நானா வந்தேன்" என்று சொல். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன், உனக்குத் துணையாகப் பேசமாட்டேன். கேட்ட பிறகும் அவர்கள் ஏறினால் அது உன் வண்டி, நிம்மதியாக ஓட்டு. ஹைட்ரஜனா பேட்டரியா என்று நீ எனக்கு எவ்வளவோ விளக்கிவிட்டாய். ஆனால் அந்த வேன் இன்றைக்குக் காலையிலும் மலை ஏறியது உன் பேட்டரியில் இல்லையடா, என் பெயரில்.

உன் அப்பா